சாவிக்கொத்தைக் கொடுத்தால் பொறுப்பை ஒப்படைத்ததாகிவிடுமா?



போன மாதம் பெங்களூரிலிருந்து பேரன் போனில் பேசினான். இருக்கிற கம்பெனியை விட்டு வேறு கம்பெனிக்குப் போகிறானாம். "இப்ப என்னப்பா பண்ணிக்கிட்டிருக்க?" என்றேன். "கே.டி. குடுத்துக்கிட்டிருக்கேன் தாத்தா" என்றான். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். கேடி என்று கேட்டுத் திடுக்கிட்டுவிட்டேன். பிறகு அவனே விளக்கினான். வேலையை விட்டுப் போகிறவன், தனக்குத் தெரிந்ததையெல்லாம் இருக்கிறவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதற்காகவே இரண்டு மாதம் அவகாசமாம்.

"நல்ல ஏற்பாடா இருக்கே" என்றேன். சிரித்தான்.

"நீங்க வேற தாத்தா. யாருக்குச் சொல்லித் தர்றதுன்னே இன்னும் ஆள் போடல. நானே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து தனியா பேசி, ரெக்கார்ட் பண்ணி, ஒரு இடத்துல போட்டு வெச்சிட்டு வந்துடுவேன். ஒருத்தனும் அதைத் திறந்து பாக்க மாட்டான்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த நோய் அரசாங்க ஆபீஸுக்கு மட்டும் சொந்தம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கண்ணாடிக் கட்டடங்களிலும் அதே கதைதான் என்று தெரிந்ததும், பதினைந்து வருஷமாக மனசுக்குள் அடக்கி வைத்திருந்ததை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். பென்ஷன் வாங்குகிறவனை யாரும் இனி இடமாற்றம் செய்ய முடியாது.

சொல்ல வந்தது இதுதான். நம் அலுவலகங்களில் 'பொறுப்பு ஒப்படைப்பு' என்று நடப்பது ஒரு பெரிய பொய். ஒப்படைக்கப்படுவது சாவி, ஒப்படைக்கப்படாமல் போவது அந்தச் சாவியால் திறக்கிற பீரோவுக்குள் எது எங்கே, ஏன் இருக்கிறது என்கிற அறிவு. அந்த அறிவு ஒரு கிளார்க்கின் சொந்தச் சொத்து அல்ல. ஜனங்கள் சம்பளம் கொடுத்து 30, 40 வருஷம் சேர்த்து வைத்த சொத்து. அதை ஒரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம்.

என் கதையிலிருந்தே சொல்கிறேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் தெருவில் அப்போது அது பெரிய விஷயமில்லை. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டாலும், பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கணக்கும் பூகோளமும் பிரெஞ்சில்தான். தமிழை வீட்டிலும் தெருவிலும் கற்றேன். ஆபீஸ் ஆங்கிலத்தை வேலைக்கு வந்த பிறகு அடிபட்டுக் கற்றேன். 1971-இல் கிளார்க்காகச் சேர்ந்தேன். 1976-இல் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகள் இருக்கிற ஒரு செக்ஷனில் போட்டார்கள். எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அது அவசியமில்லை.

அந்தப் பதிவேடுகள் பழசு என்றாலும் செத்துப்போனவை அல்ல. இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, நம்மூர்ப் பெரியவர்களுக்கு நன்றாகப் புரியும். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. எழுதிக் கொடுத்த குடும்பங்கள், கொடுக்காத குடும்பங்கள், சொல்தா பென்ஷன் வாங்குகிறவர்கள், பாகப்பிரிவினைக்காரர்கள், மனை வாங்குகிறவர்கள் என்று தினமும் யாராவது ஒருவர், தாத்தா பிறந்த பதிவோ பாட்டி கல்யாணப் பதிவோ பழைய பத்திரமோ கேட்டு வாசலில் நிற்பார்கள்.

செக்ஷனில் ஒரு பெரியவர் இருந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். நாங்கள் அவரை 'மிசே' என்றுதான் கூப்பிடுவோம். முதல் மாதம் முழுக்க என்னைப் பேனா பிடிக்க விடவில்லை. பதிவேட்டைத் திறந்து வைத்து, "உரக்கப் படி தம்பி" என்பார். நான் படிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தடுமாறினால் அந்த இடத்திலேயே நிறுத்துவார். "கண்ணு ஏமாத்தும் தம்பி. வாய் ஏமாத்தாது" என்பார்.

பிறகு என்னை எழுதவிட்டு அவர் பார்த்தார். நான் தப்பு செய்யப் போகிறேன் என்று தெரிந்தாலும் சும்மா இருப்பார். செய்து முடித்த பிறகு, "இப்ப இதை யார்கிட்ட குடுக்கப் போற? அவன் இதை எடுத்துக்கிட்டு எங்க போவான்? அங்க என்ன சொல்லுவாங்க?" என்று கேட்பார். தப்பு எனக்கே விளங்கும். மூன்று வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு அது கிடைத்ததில்லை. அப்படிப் பக்கத்தில் உட்கார வைத்ததுகூட யாரும் போட்ட திட்டமில்லை. செக்ஷனில் நாற்காலி குறைவு. அவர் மேஜையின் ஓரத்தில்தான் எனக்கு இடம் இருந்தது.

1979-இல் அவர் 58 வயது முடிந்து ஓய்வு பெற்றார். கடைசி நாள் மாலை அவர் கையெழுத்திட்ட ஒப்படைப்புத் தாளை நான்தான் டைப் அடித்தேன். பீரோ 4. சாவி 9. ரப்பர் ஸ்டாம்பு 6. மர நாற்காலி 3, அதில் 1 உடைந்தது. பதிவேடுகள் இத்தனை. அவ்வளவுதான். உடைந்த நாற்காலிக்கு ஒரு வரி இருந்தது. சுமார் 38 வருஷ அனுபவத்துக்கு ஒரு வரி இல்லை.

அவரிடம் ஒரு நீல அட்டை நோட்டு உண்டு. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது ஒரு விவகாரம் வந்தால் அதில் நாலு வரி எழுதி வைப்பார். எந்தப் பதிவு எந்த வருஷத்துப் புத்தகத்தில் ஒளிந்திருக்கிறது, எந்தக் குடும்பத்தின் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது, எந்தப் பக்கத்தைக் கறையான் தின்றது, அதன் இன்னொரு பிரதியை எங்கே தேட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். ஓய்வு பெறுகிற அன்று அந்த நோட்டை மேலதிகாரியிடம் நீட்டினார். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆபீஸ் பதிவேடு இல்லையே, உங்க சொந்த நோட்டு. நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் பெரியவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சில வருஷம் கழித்து அவர் காலமானார். கருமாதிக்குப் போனபோது கூச்சத்தோடு அந்த நோட்டைப் பற்றிக் கேட்டேன். "பழைய பேப்பர்க்காரன்கிட்ட போட்டுட்டோமே தம்பி" என்றார் அவர் மனைவி. அவர் மேல் என்ன தப்பு? ஆபீஸே வேண்டாம் என்றதை வீட்டில் எதற்கு வைத்திருக்க வேண்டும்?

அவருக்குத் தெரிந்ததில் பாதிதான் எனக்கு வந்தது. அந்த மூன்று வருஷத்தில் எந்தெந்த விவகாரம் வந்ததோ, அது மட்டும்தான் எனக்குத் தெரியும். வராதது எதுவும் தெரியாது. எது தெரியாது என்பதும் தெரியாது. அதுதான் இதில் பெரிய ஆபத்து.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1998-இல் ஓய்வு வயதை 60 ஆக்கியதால், 2010-இல் ஓய்வு பெற்றேன். அதற்கு ஒரு வருஷம் முன்பே எழுத்து மூலம் கேட்டேன். இந்தப் பதிவேடுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் இனி இல்லை, ஒரு பையனை என் பக்கத்தில் உட்கார வையுங்கள், பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வருஷத்தில் நான் தயார் செய்கிறேன் என்று எழுதினேன். வந்த பதில் எனக்கு மனப்பாடம்: பணியிடம் காலியான பிறகே நிரப்ப இயலும்.

இந்த ஒரு வரியை யோசித்துப் பாருங்கள். நான் நாற்காலியில் இருக்கும் வரை அடுத்தவன் வர முடியாது. அடுத்தவன் வரும்போது நான் இருக்கக் கூடாது. கற்றுக் கொடுக்கிறவனும் கற்றுக்கொள்கிறவனும் ஒருவரை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்று யாரோ கங்கணம் கட்டிக்கொண்டு விதி எழுதினதுபோல இருக்கிறது.

சாவும் விபத்தும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. இடமாற்றம்கூடத் திடீரென்று வரும். ஆனால் ஓய்வு அப்படியா? சர்வீஸ் புக்கின் முதல் பக்கத்தில் பிறந்த தேதி இருக்கிறது. 60 வயது நிறைகிற மாதத்தின் கடைசி நாள் மாலை இவன் வெளியே போவான் என்பது இவன் உள்ளே நுழைந்த அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது. 39 வருஷம் முன்கூட்டியே தெரிந்த ஒரு தேதிக்குத் தயாராக இல்லாத நிர்வாகத்தை என்னவென்று சொல்வது? கல்யாணத் தேதி தெரிந்தும் முகூர்த்தம் முடிந்த பிறகு சமையல்காரனைத் தேடுகிற வீடு உண்டா?

கடைசி நாள் எல்லாம் முறைப்படி நடந்தது. சந்தன மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், லட்டு, மிக்சர், காபி. எட்டுப் பேர் பேசினார்கள். எட்டுப் பேரும் "இவர் இல்லாமல் இந்த செக்ஷனை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை" என்றார்கள். நினைத்துப் பார்த்திருக்க வேண்டுமே ஐயா! அதுதானே உங்கள் வேலை! கூடுதல் பொறுப்பு என்று பக்கத்து செக்ஷன்காரர் தலையில் கட்டினார்கள். அவர் சாவியை எண்ணி வாங்கிக்கொண்டார். ஜீப்பில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் முதலில் சிரிப்பு வரும்.

பழைய பதிவுகளில் வருஷத்தை எண்ணில் எழுத மாட்டார்கள், எழுத்தில் எழுதுவார்கள். 'மில் உய் சான் கத்ர் வேன் தூஸ்' என்றால் 1892. பிரெஞ்சில் எண்பதுக்குத் தனிச் சொல் இல்லை. 'நாலு இருபது' என்பார்கள். தொண்ணூற்றிரண்டு என்பது நாலு இருபதும் பன்னிரண்டும். என் இடத்துக்குப் பின்னால் வந்த பையன் பாவம், அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, 4, 20, 12 என்று மூன்றையும் கூட்டிவிட்டான். 1836! ஒரு கிழவருடைய தாத்தாவுக்கு ஒரே நாளில் 56 வயது கூடிவிட்டது.

இன்னொன்று. பிரெஞ்சுப் பத்திரங்களில் நில அளவு எக்தார், ஆர், சாந்தியார் என்று இருக்கும். ஒரு ஆர் 100 சதுர மீட்டர், ஒரு சாந்தியார் 1 சதுர மீட்டர். இவற்றைச் சுருக்கி முதலெழுத்துகளாக எழுதுவார்கள். 12 ஆர் 50 சாந்தியார் என்றால் 1,250 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 31 சென்ட். அந்தச் சுருக்கெழுத்தைப் பார்த்த ஒருவர் 'ஆர்' என்பதை ஏக்கர் என்றும், 'சாந்தியார்' என்பதை சென்ட் என்றும் எடுத்துக்கொண்டு 12 ஏக்கர் 50 சென்ட் என்று குறிப்பு எழுதிவிட்டார். நாற்பது மடங்கு! நல்லவேளை, அந்த இடத்தில் அத்தனை நிலம் கிடையாது, நடுவில் ஏரி இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னதால் தப்பித்தார்கள்.

சிரித்துவிட்டீர்களா? இனிமேல் சிரிக்க முடியாது.

ஓய்வு பெற்று மூன்று வருஷம் இருக்கும். ஒரு வயதான அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். புருஷன் சொல்தா. அவர் இறந்த பிறகு மனைவிக்குச் சேர வேண்டிய பென்ஷனுக்குக் கல்யாணப் பதிவின் நகல் வேண்டும். ஆபீஸில் இரண்டு முறை மனு போட்டிருக்கிறார். இரண்டு முறையும் 'பதிவு இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருக்கிறது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு, ஐம்பது வருஷம் குடும்பம் நடத்திய அந்த அம்மா, தான் பெண்டாட்டிதான் என்று நிரூபிக்க இரண்டு வருஷமாக அலைந்துகொண்டிருந்தார். வளையல் அடகுக்குப் போயிருந்தது. யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கல்யாணம் நடந்தபோது பதியாமல் விட்டு, பிற்பாடு கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்கிப் பதிகிற வழக்கம் உண்டு. 'ழுய்ழ்மான் சுப்ளெத்திஃப்' என்பார்கள். அப்படிப்பட்ட தீர்ப்பைக் கல்யாணம் நடந்த வருஷத்துப் பதிவேட்டில் தேடினால் இருக்காது. தீர்ப்பு வந்து பதிந்த வருஷத்துப் பதிவேட்டில்தான் இருக்கும். மிசே எனக்குச் சொல்லிக் கொடுத்தது. மறுநாள் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். இளம் கிளார்க் தம்பி நல்ல பிள்ளை, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஆறு வருஷம் தள்ளி இருந்த பதிவேட்டை எடுக்கச் சொன்னேன். பத்து நிமிஷம். இருந்தது.

அந்த அம்மா அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். எழுத்துப் படிக்கத் தெரியாது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இம்மா நாளா நீங்க எங்கய்யா இருந்தீங்க?"

எங்கே இருந்தேன்? நாலு தெரு தள்ளி இருந்தேன். காலையில் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானாகவும் போகவில்லை.

பிற்பாடு பென்ஷன் வந்தது. வளையலை மீட்க முடியவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு யோக்கியதை இல்லை. மேலிடத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் "அவரைக் கேக்காம ஒரு பேப்பர் நகராது" என்று மற்றவர்கள் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது உண்மை. லீவில் போனால் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள், அதில் ஒரு பெருமை. மிசேயைப் போல ஒரு நோட்டு நானும் போட்டிருக்கலாம். போடவில்லை. எழுதி வைத்தால் என் மதிப்பு குறைந்துவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன். வித்தையைப் பூட்டி வைத்துக்கொள்கிற பழக்கம் நம் ஊரில் வைத்தியருக்கும் கொத்தனாருக்கும் மட்டுமல்ல, கிளார்க்குக்கும் உண்டு. ஆள் தருகிறோம் என்று சொல்லாத மேலிடமும், ஆள் இல்லை என்ற சாக்கில் சும்மா இருந்த நானும் சேர்ந்துதான் அந்த அம்மாவின் இரண்டு வருஷத்தைத் தின்றோம்.

இனி, இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன்.

ஒன்று: "இப்பதான் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோமே சார்." ஏற்றுங்கள், நல்லதுதான், கறையானிடமிருந்து பக்கம் தப்பும். ஆனால் படம் பிடித்த பக்கம், "என்னை இந்த வருஷத்தில் தேடாதே, ஆறு வருஷம் தள்ளித் தேடு" என்று சொல்லுமா? தெரியாதவன் பீரோவில் தேடினாலும் கம்ப்யூட்டரில் தேடினாலும் தப்பான வருஷத்தில்தான் தேடுவான். முன்பு 'பதிவு இல்லை' என்று சொல்ல ஒரு வாரம் ஆகும், இப்போது ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவான்.

இரண்டு: "எந்த ஆளும் இன்றியமையாதவர் இல்லை. யார் போனாலும் ஆபீஸ் நடக்கும்." நடக்கும், சந்தேகமே இல்லை. மணி பத்துக்குத் திறந்து மாலையில் மூடும். வாசலில் நிற்கிற கிழவிக்கு வேலை நடந்ததா என்பதுதான் கேள்வி.

மூன்று: "அதற்கெல்லாம் விதி இல்லை." இதைக் கேட்டால்தான் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். விதி இருக்கிறது ஐயா! மத்திய செயலகத்தின் அலுவலக நடைமுறைக் கையேட்டை எடுத்துப் பாருங்கள். 'ஸ்டாண்டிங் நோட்' என்று ஒன்று: ஒரு விஷயத்தில் கொள்கையும் நடைமுறையும் எப்படி வளர்ந்து வந்தன என்கிற வரலாற்றைத் தொடர்ந்து எழுதி வைப்பது. 'ஸ்டாண்டிங் கார்டு ஃபைல்' என்று ஒன்று: முடிவுகளின் சுருக்கம், உத்தரவுகளின் நகல், மாதிரிக் கடிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில். 'பிரிசிடென்ட் புக்' என்று ஒன்று: முன்னுதாரணமாகிற முடிவுகளைக் குறித்து வைப்பது. மிசேயின் நீல நோட்டு வேறென்ன? கையேடு கேட்கிற புத்தகத்தை அவர் கொண்டுவந்து நீட்டினார். சொந்த நோட்டு என்று திருப்பிக் கொடுத்தோம். என் 39 வருஷ சர்வீஸில் பிரிசிடென்ட் புக் என்று அட்டையில் எழுதிய பதிவேட்டை ஒரே ஒரு முறை பார்த்தேன். முதல் இரண்டு பக்கம் எழுதியிருந்தது. மீதி வெள்ளை.

நான்கு: "போகிறவரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னால் போதும்." போதாது. என் பேரன் பதிவு செய்து வைக்கிற பேச்சும் இதுதான். தனக்கு என்ன தெரியும் என்று முழுக்கத் தெரிந்தவன் யாரும் இல்லை. என்னை ஒரு அறையில் உட்கார வைத்து 'தெரிந்ததை எழுது' என்றால் இருபது பக்கம் எழுதுவேன். அந்த அம்மாவின் விவகாரம் அதில் வராது. அப்படி ஒரு ஆள் வந்து நிற்கும்போதுதான் அது ஞாபகத்துக்கு வரும். ஆகவே, விவகாரம் வரும்போது இருவரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? சும்மா திட்டிவிட்டுப் போகிறவன் அல்ல நான்.

ஓய்வுத் தேதிக்கு 6 மாதம் முன்பே அடுத்த ஆளைப் போட வேண்டும். இரண்டு பேருக்கு ஆறு மாதச் சம்பளம் வீண் என்று கணக்குப் பார்க்கிறவர்கள், அடுத்த பத்து வருஷம் ஒவ்வொரு மனுவும் மூன்று முறை அலைகிற செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும்.

அந்த ஆறு மாதத்தில் கடைசி இரண்டு மாதம் போகிறவர் பேனாவைத் தொடக் கூடாது. புது ஆள் செய்யட்டும், பழைய ஆள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும். மிசே எனக்குச் செய்தது அதுதான். நாம் செய்கிற தப்பு, கடைசி நாள் வரை போகிறவரையே வேலை வாங்கிக்கொண்டு, "எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போங்க" என்பது. முடித்துக் கொடுத்துவிட்டால் புது ஆள் எதைப் பார்த்துக் கற்பான்?

ஒப்படைப்புத் தாளில் நாற்காலிக் கணக்குக்குக் கீழே மூன்று வரி சேருங்கள். முடியாமல் நிற்பது எது, ஏன் நிற்கிறது? யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம்? எந்தச் சந்தேகத்துக்கு யாரைக் கேட்க வேண்டும்? இதற்கு மேலிட அனுமதி வேண்டாம், ஒரு பேனா போதும்.

வழக்கத்துக்கு மாறாக ஒரு முடிவு எடுத்தால், 'என்ன செய்தோம்' என்பதோடு 'ஏன் செய்தோம்' என்று ஒரு வரி எழுதுங்கள். ஃபைலில் என்ன என்பது எப்போதும் இருக்கும். ஏன் என்பதுதான் ஆளோடு போய்விடுகிறது.

கடைசியாக, ஓய்வு பெற்றவர் போன் நம்பரைச் சுவரில் ஒட்டுங்கள். கூப்பிட்டால் கௌரவம் குறையாது. கூப்பிடப்பட்டவருக்கு அன்றைக்கு ரத்த அழுத்தம்கூடக் குறையும், அனுபவத்தில் சொல்கிறேன்.

2014 நவம்பர் மழையில் நம் கடற்கரை மேரி கட்டடம் இடிந்து விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஊரே துக்கம் கொண்டாடியது. நானும் போய் அந்தச் செங்கல் குவியலைப் பார்த்துக் கண் கலங்கினேன். பல வருஷம் ஆனாலும் பழைய மாதிரியே திரும்பக் கட்டிவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் அதே ஊரில் மாதத்துக்கு ஒரு கிளார்க், ஒரு சர்வேயர், ஒரு பதிவறைக்காரர் ஓய்வு பெற்றுப் போகிறார். அவர்களோடு இடிந்து விழுவதைப் பற்றிக் கண்ணீர் விட்டவர் யார்? அதைத் திரும்பக் கட்ட எந்த வரைபடமும் கிடையாது.

நான் என் பங்குக்குத் தாமதமாக ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். அந்த அம்மாவுக்குப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்த தம்பி, அதன் பிறகு என்னைத் தேடி வீட்டுக்கு வர ஆரம்பித்தார். சனிக்கிழமை சாயங்காலம் வருவார். என் மனைவி டீ கொடுப்பாள். சந்தேகமான பக்கத்தை எழுதிக்கொண்டு வருவார், நான் உரக்கப் படிக்கச் சொல்வேன். பிரெஞ்சு பேச வராது, ஆனால் பதிவேட்டு பிரெஞ்சு இப்போது தண்ணீர்பட்ட பாடு. 1892-ஐ 1836 ஆக்கியதும் அவர்தான். சொன்னால் சிரிப்பார். அவருக்கு இதற்காக யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை, ஒரு மணி நேரம் அனுமதியும் கொடுக்கவில்லை. அவருக்கும் ஓய்வுத் தேதி ஏற்கனவே எழுதியாகிவிட்டது. "உன் பக்கத்துல யாரை உக்கார வெச்சிருக்கே தம்பி?" என்று போன சனிக்கிழமை கேட்டேன். "யாரும் இல்ல சார்" என்றார்.

நண்பர்களே, இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். மேரியில் இருந்தவர்கள், துறைமுகத்தில், பொதுப்பணித் துறையில், பள்ளிக்கூடங்களில், மில்லில் இருந்தவர்கள். காரைக்காலிலும் மாஹேயிலும் ஏனாமிலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கிளார்க் இறந்தால் ஒன்றும் இல்லை, அவன் தெரிந்து வைத்திருந்ததும் கூடவே போய்விடும். நாளைக்கே ஒரு 100 பக்க நோட்டு வாங்குங்கள். நீங்கள் இருந்த சீட்டில் அடிக்கடி வராத, ஆனால் வந்தால் ஒருவருடைய வாழ்க்கையையே புரட்டிவிடுகிற விவகாரம் ஒன்றை எழுதுங்கள். நாளைக்கு மறுநாள் இன்னொன்று. எழுதியதை ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுங்கள். சொந்த நோட்டு என்று திருப்பிக் கொடுத்தால், இந்தக் கட்டுரையை அச்செடுத்து அதன் மேல் வைத்துத் திரும்பவும் கொடுங்கள்.

நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். நீல அட்டை நோட்டுதான் வாங்கினேன். முதல் பக்கத்தில், கல்யாணப் பதிவு கிடைக்கவில்லை என்றால் எங்கே தேட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.